எல்லை திறந்தது என்று சொல்லுமுன்

போன கிழமை நான் வானொலிக் கலையகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அன்ரி, டொன்ற் மைண்ட், ரொறன்ரோவில இருந்துகொண்டு டெய்லி அரை மணித்தியாலம் ஐரோப்பா நியூஸ் ஏன்? யார் கேக்கினம்?"

அப்போது சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், சிரித்தது போதாது, பதில் சொல்ல வேண்டும் என்று பட்டது. இந்த வானொலியில் ஐரோப்பாச் செய்திகளுக்குப் பொறுப்பாக நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இனி அந்த நாற்காலியில் இருக்கப்போகிறவர்கள் நீங்கள். ஆகவே எழுதியே தருகிறேன்.

யார் கேட்கிறார்கள் என்றால், இங்கே மார்க்கம் நகரில் இருக்கும் தங்கைக்குப் பாரிஸில் அண்ணன். அண்ணனின் மனைவியின் குடும்பம் சுவிஸில். பெரியம்மாவின் பிள்ளைகள் இரண்டு பேர் ஜேர்மனியில், ஒருவர் லண்டனில். ஒரே வீட்டில் பிறந்தவர்களை ஊரில் நடந்த யுத்தம் இப்படிப் பிரித்துப் போட்டது. எங்கள் நேயர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் என்பது பிறசல்ஸில் நடக்கும் கூட்டம் அல்ல. மருமகளின் கல்யாணத்துக்கு யார் விசா இல்லாமல் போகலாம், யார் போக முடியாது என்பதுதான். மிசிசாகாவிலிருந்து ஒரு வயதான நேயர் ஒருமுறை நேரடி நிகழ்ச்சியில் என்னை மடக்கினார்: "பிள்ளை, சுவிஸ் ஒன்றியத்திலை இல்லை எண்டுறாய். ஆனா என்ரை மகன் பாஸ்போட் காட்டாமல் பிரான்ஸுக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வாறான். எது உண்மை?" இரண்டுமே உண்மை என்று விளக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. ஒன்றியம் வேறு, திறந்த எல்லை வேறு, பொது நாணயம் வேறு. மூன்றிலும் இருப்பவர்கள், ஒன்றில் மட்டும் இருப்பவர்கள், ஒன்றிலும் இல்லாதவர்கள் என்று பிரித்துப் பிரித்துச் சொன்னேன். பிறகு அவர் தன் கூட்டாளிகளுக்கு அதை என்னைவிட நன்றாக விளக்கினார் என்று கேள்விப்பட்டேன்.

அந்த அரை மணித்தியாலத்தை நான் எப்படி நடத்தினேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. மறைக்கப்போவதில்லை. ஆனால் அதை ஒரு பிழையில் இருந்துதான் பழகினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிரியாவிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஐரோப்பாவுக்குள் நடந்துகொண்டிருந்த அந்த வருடம். காலை எட்டு மணிச் செய்திக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது செய்தி முகவரகத்தின் தலைப்பு வந்தது. முழுவதையும் வாசிக்க நேரமில்லை. மைக்குக்கு முன் போய் இருந்து, கம்பீரமாக வாசித்தேன்: "ஜேர்மனி அகதிகளுக்குத் தன் கதவைத் திறந்தது." நல்ல வசனம். எனக்கே பிடித்துப்போய் ஒன்பது மணிக்கும் அதையே வாசித்தேன்.

அடுத்த வருடம் வசந்தகாலத்தில் ஒருவர் கலையகத்துக்கு வந்தார். பிக்கரிங்கிலிருந்து தினமும் ரெயினில் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர். மெலிந்த மனிதர். கோபமாக வரவில்லை. வரவேற்பறையில் எனக்காக ஒரு மணித்தியாலம் காத்திருந்திருக்கிறார்.

"தங்கச்சி, ஜேர்மனி கதவைத் திறந்திட்டுது எண்டு வாசிச்சது நீங்கள்தானே?"

"ஓம் அண்ணை."

"ரெயினுக்குள்ளை நிண்டு கேட்டனான். இறங்க முதலே தம்பிக்குப் போன் அடிச்சனான். அவன் இத்தாலியிலை அகதி எண்டு பதிஞ்சு அசூல் அடிச்சுப்போட்டு கேஸுக்குப் பாத்துக்கொண்டிருந்தவன். ஜேர்மனிக்கு ஓடடா எண்டு சொன்னன். ஓடினான்."

மிச்சத்தை நான் ஊகித்துவிட்டேன். ஆனாலும் அவர் சொல்லி முடிக்கட்டும் என்று இருந்தேன். தம்பி ஜேர்மனியில் பதிந்தபோது விரலடையாளம் இத்தாலியைக் காட்டியது. முதலில் பதிந்த நாட்டில்தான் வழக்கு நடக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. ஜேர்மனி தளர்த்தியிருந்தது சிரியாவிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும். பல மாதங்கள் முகாமில் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இத்தாலியில், ஆளைக் காணவில்லை என்று வழக்கை மூடியிருந்தார்கள். தங்கியிருந்த இடமும் போய்விட்டது.

"நீங்கள் பொய் சொல்லேல்லை," என்றார் அவர். "கதவு திறந்ததுதான். ஆருக்குத் திறந்தது எண்டு நீங்கள் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. அதிலை ரெண்டு பேருக்கும் பங்கிருக்கு."

மன்னிப்புக் கேட்டேன். தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று எழும்பிப் போனார். அதன்பிறகு பல நாட்கள் எனக்கு மைக்கின் முன் இருக்கக் கூச்சமாக இருந்தது. எழுத்து வேலையில் பிழை விட்டால் திருத்தம் போடலாம். ஒரு மனிதனை இத்தாலிக்குத் திருப்பி அனுப்பிய பிழைக்கு எங்கே திருத்தம் போடுவது?

செய்யக்கூடியது ஒன்று இருந்தது. அந்த வருடம் முழுவதும் ஆட்களைத் தேடினேன். பெரிய ஆய்வாளர்களை அல்ல. விதியைத் தினமும் கையில் வைத்து வேலை செய்கிறவர்களை. பாரிஸில் ஒரு மொழிபெயர்ப்பாளர். இத்தாலியில் ஒரு பாதிரியார். ஜேர்மனியில் அகதிகளுக்கான சட்ட ஆலோசனை நிலையம் ஒன்றில் வேலை செய்யும் வாசுகி என்ற பெண். ஒரு பெரிய செய்தி வந்தால் வாசிக்குமுன் இவர்களில் ஒருவருக்குப் போன் அடிப்பேன். அங்கே பகல் ஆகிவிட்டிருக்கும். "உது நாளைக்கு உங்கடை மேசைக்கு வாற ஆளுக்கு என்ன செய்யும்?" என்று கேட்பேன். அதைத்தான் வாசிப்பேன்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களை நீங்கள் பாடசாலையில் இருந்தபடி பார்த்திருப்பீர்கள். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகியது. பெருந்தொற்றில் திறந்த எல்லைகள் ஒவ்வொன்றாக மூடின. பிறகு போர், எரிவாயு விலை, வீட்டு வாடகை, அதனால் வந்த கோபம், அந்தக் கோபத்தில் விழுந்த வாக்குகள். ஒன்று முடிந்து மற்றது வரவில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றது. எங்கள் முகாமையாளர் எரிவாயுவைப் பொருளாதார நிகழ்ச்சிக்கும், அகதிகளைக் குடிவரவு நிகழ்ச்சிக்கும், தேர்தலை அரசியல் நிகழ்ச்சிக்கும் பிரித்துத் தரச் சொன்னார். நான் விடவில்லை. ஒரு நாட்டில் வீட்டைச் சூடாக்கும் செலவு ஏறினால், அங்கே அரசாங்கம் மாறலாம். அரசாங்கம் மாறினால், இருபத்தேழு நாடுகள் இருக்கும் மேசையில் ஒரு கை கீழே இறங்கலாம். அந்த ஒரு கை போதும், எல்லாரும் சம்மதிக்க வேண்டிய ஒரு முடிவு நின்றுபோக. இதைத் துண்டு துண்டாகச் சொன்னால் நேயருக்கு ஒன்றும் விளங்காது என்று வாதாடினேன். வென்றேன். ஸ்காபரோவில் டாக்சி ஓட்டும் ஒருவர் ஒருநாள் என்னை ஏற்றிப்போகும்போது, ஏன் ஒரு சின்ன நாடு முழு ஒன்றியத்தையும் மறிக்க முடிகிறது என்று எனக்கே வகுப்பெடுத்தார். என் குரல் அவருக்குப் பிடிபடவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசம் எந்த விருதிலும் வந்திருக்காது.

இனி அந்தக் காலையைச் சொல்கிறேன்.

உக்ரைனில் போர் தொடங்கி ஒரு கிழமைக்கு மேல் ஆகியிருந்தது. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து, ஏட்டில் மட்டும் இருபது வருடமாகக் கிடந்த ஒரு விதியை முதல்முறையாக நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தன: உக்ரைனிலிருந்து தப்பி வருகிறவர்களுக்குத் தனித்தனி வழக்கு இல்லாமல் உடனடித் தற்காலிகப் பாதுகாப்பு. இத்தனை சண்டைக்குள்ளும் இருபத்தேழு நாடுகளும் சில நாட்களில் ஒத்துக்கொண்டன. எனக்கு உடம்பு புல்லரித்தது. உண்மையாகவே பெரிய விசயம்.

காலை ஏழரைக்கு நான் கலையகத்துக்குள் நுழையும்போதே எல்லா லைன்களும் நிரம்பியிருந்தன. இன்னொரு தமிழ் வானொலி, "உக்ரைனில் இருந்த எல்லாருக்கும் ஐரோப்பாவில் விசா" என்று சொல்லிவிட்டதாம். மேற்கு ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரர் வழியில் கைவிட்டு உக்ரைனில் அகப்பட்டுக் கிடந்த எங்கள் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களின் சொந்தக்காரர்கள்தான் அந்த அழைப்புகள்.

தயாரிப்பாளர் ஷாமிலி இங்கே பிறந்து வளர்ந்தவள், கெட்டிக்காரி. பேப்பரை நீட்டினாள். "அக்கா, இட்ஸ் ஹியூஜ். எல்லாருக்கும் எண்டுதான் ஹெட்லைனில இருக்கு. உடனே போவம். வி ஆர் ஆல்ரெடி லேற்."

"எல்லாருக்கும் எண்டு விதியிலை இருக்கோ, தலைப்பிலை இருக்கோ?"

அவள் என்னைப் பார்த்தாள். "விதி நான் இன்னும் வாசிக்கேல்லை."

"நானும் முழுக்க வாசிக்கேல்லை. அப்ப வாசிக்காமல் சொல்ல ஏலாது."

நிகழ்ச்சி தொடங்கியது. முதல் அழைப்பு மார்க்கத்திலிருந்து பத்மா என்ற பெண். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. அவளின் அக்காவின் மகன் கஜன் நாலு வருடமாகக் கீவில் அகப்பட்டிருந்தவன். இப்போது நடந்தும் பஸ்ஸிலும் போலந்துக்குள் வந்துவிட்டான்.

"அக்கா, அவன் மற்ற போனிலை நிக்கிறான். ஒரு பள்ளிக்கூட மண்டபத்திலை மேசை போட்டு ஆக்களைப் பதியினமாம். ஒரு விண்ணப்பப் போர்மை நீட்டிக் கையெழுத்து வைக்கட்டாம். அவனுக்கு அந்த மொழி விளங்காது. பின்னாலை லைன் நிக்குது. வைக்கட்டோ, விடட்டோ? சொல்லுங்கோ அக்கா, கெதியாச் சொல்லுங்கோ!"

கண்ணாடிக்கு அப்பால் ஷாமிலி 'வைக்கச் சொல்லுங்கோ' என்று கையால் எழுதிக் காட்டினாள். முகாமையாளரும் வந்து நின்று தலையாட்டினார். எத்தனை ஆயிரம் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் அந்தப் பதிலுக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்மா, எனக்குத் தெரியாது," என்றேன்.



"என்ன அக்கா, தெரியாதெண்டுறியள்? உங்களுக்குத் தெரியாட்டி ஆருக்குத் தெரியும்?"

"தெரிஞ்ச ஆளைப் பிடிச்சுத் தாறன். ஒண்டிலையும் கையெழுத்து வைக்காமல், லைனை விட்டு விலகி நிண்டு, போர்மைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. சாப்பாடு, படுக்கை, மருந்து தந்தா வாங்கட்டும். அதுக்குப் பயமில்லை."

பாட்டைப் போடச் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். வாசுகி உடனே எடுத்தாள். கஜன் எடுத்த படம் வந்ததும் அவளுக்கு அனுப்பினேன்; போலிஷ் மொழியில் இருந்தது. "எனக்கும் விளங்காது, நில்லுங்கோ," என்று சொல்லி, பக்கத்து அறையில் வேலை செய்யும் ஒரு போலந்துப் பெண்ணிடம் காட்டினாள். இருவரும் ஜேர்மன் மொழியில் கதைப்பது எனக்குக் கேட்டது. ரொறன்ரோவில் நான், ஜேர்மனியில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண், அவளருகில் ஒரு போலந்துக்காரி. மூவரும் போலந்தில் நிற்கும் ஒரு பெடியனின் கடதாசியை வாசித்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, இது புதுப் பாதுகாப்புக்கான போர்ம் இல்லை," என்றாள் வாசுகி. "வழமையான அசூல் போர்ம். மேசையிலை இருக்கிறவையிலை பிழையில்லை, பாவங்கள். இவனிட்டை செல்லுபடியான உக்ரைன் வதிவிட அட்டை இல்லாதபடியா இதை எடுத்துக் குடுத்திருக்கினம். அந்தப் புது விதி உக்ரைன் ஆக்களுக்கும், அங்கை பாதுகாப்பு எடுத்தவைக்கும்தான் நிச்சயம். மற்றவையை ஒவ்வொரு நாடும் தன்ரை விருப்பத்துக்குச் சேக்கலாம், விடலாம்."

"அப்ப கையெழுத்து வைச்சா?"

"கேஸ் போலந்திலை நடக்கும். அது கூடாதெண்டில்லை. அவனுக்கு ஐரோப்பாவிலை ஆரும் இருக்கினமோ?"

மற்ற லைனில் நின்ற பத்மாவிடம் கேட்டேன். கூடப் பிறந்த தமக்கை தர்சினி ஜேர்மனியில்.

"அப்ப இதையும் சொல்லுங்கோ. போர் தொடங்கேக்கை உக்ரைனுக்குள்ளை இருந்த வேற நாட்டு ஆக்களும் இங்கை வந்து, கொஞ்சக் காலம் விசா இல்லாமல் நிக்கலாம் எண்டு ஜேர்மனி இப்ப விதி கொண்டுவருது. அதுக்குப் பிறகு என்ன எண்டு எனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா அங்கை இருந்தவன் எண்டு காட்ட வேணும். பழைய அட்டை வைச்சிருக்கிறானோ?"

கஜனைத் தொலைபேசியில் இணைத்தோம். குளிரில் பல்லுக் கிட்டிய குரல். அட்டை காலாவதியாகி இரண்டு வருடமாம். முடிந்த அட்டையோடு பிடிபட்டால் பிரச்சினை என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதைக் கிழித்தெறிய வெளியே எடுத்துக் கையில் வைத்திருந்தானாம்.

"எறியாதை!" என்று நானும் வாசுகியும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

வாசுகி எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். போலந்தில் வைத்தால் என்ன, ஜேர்மனிக்குப் போனால் என்ன, எது நிச்சயம், எது இல்லை. அவன் என்னைக் கேட்டான்: "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. எது நல்லது?"

தம்பியே என்று கூப்பிட்டு, தமக்கையிடம் போ என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. அடக்கினேன். "நாங்கள் அறிஞ்சதைச் சொல்லிப்போட்டம். போய் இருக்கப்போறது நீ. நீதான் முடிவெடுக்க வேணும்."

 "தர்சியக்காட்டைப் போறன்," என்றான்.

திரும்பி வந்தபோது ஷாமிலி மைக்கில் இருந்தாள். அதுவரை அவள் மைக்கில் கதைத்ததே இல்லை. தன்னுடைய ஆங்கிலம் கலந்த தமிழில், "இன்னும் எங்களுக்கு முழுசாத் தெரியேல்லை. தெரிஞ்சவையைக் கேட்டுக்கொண்டிருக்கிறம். அதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்டும் சைன் பண்ண வேண்டாம் எண்டு சொல்லுங்கோ," என்று அழைத்த ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டுப் பேரைத் தனியாகச் சமாளித்திருந்தாள். அன்றைக்கு அவளைப் பார்த்து எனக்கு வந்த பெருமையை நான் அவளிடம் சரியாகச் சொல்லவில்லை. இதை வாசித்தால் அறிந்துகொள்ளட்டும்.

நான் மைக்கில் விதியை வரிவரியாகச் சொன்னேன்: யாருக்கு நிச்சயம், யாருக்கு நாட்டுக்கு நாடு மாறும், எதற்குப் பொறுத்திருக்க வேண்டும். முகாமையாளர் பிறகு அறைக்குள் கூப்பிட்டார். "மற்ற ரேடியோ எல்லாருக்கும் எண்டு சொல்லிப்போட்டுது. நாங்கள் மட்டும் இல்லையெண்டா ஆக்கள் எங்களைத்தான் பேசுவினம்." திட்டிப் பேசத்தான் செய்தார்கள். எங்கடை பெடியளுக்குக் கிடைக்கிறது உனக்குப் பொறுக்கேல்லையோ என்று ஒருவர் கேட்டார். இரண்டு மூன்று நாள் நான் அதிகம் சாப்பிடவில்லை. நாடுகள் ஒவ்வொன்றும் தங்கள் தங்கள் விதியை அறிவிக்கத் தொடங்கியபோது, ஒரு நாட்டில் சேர்த்தவர்களை அடுத்த நாட்டில் சேர்க்கவில்லை என்று தெரிய வந்தபோது, பேசியவர்களே அழைத்தார்கள், தங்கள் பிள்ளை நிற்கும் நாட்டில் என்ன விதி என்று கேட்க. முகாமையாளர் எங்கள் நிகழ்ச்சிக்கு இன்னும் பதினைந்து நிமிடம் கூட்டித் தந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு, மருமகளின் கல்யாணத்துக்கு ஐரோப்பாவுக்குப் போனேன். ஜேர்மனியிலிருந்து பிரான்ஸுக்கு ரெயினில் போகவேண்டியிருந்தது. எல்லைக்குக் கிட்டிய ஒரு நகரத்தில் ரெயின் மாறும் இடைவெளியில் கஜன் என்னைப் பார்க்க வந்தான். நான் அவனை அதுவரை கண்டதில்லை. நல்ல உயரம், நெடுவல். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் தொழில் பழகுகிறான். அந்தப் பயிற்சி நடக்கும்வரை அங்கே நிற்க அனுமதி. பிறகு அங்கே போட்ட அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அந்தக் கடதாசியோடு எல்லையைத் தாண்ட ஏலாது என்பதால் ரெயின் மேடைவரைக்கும்தான் வர முடிந்தது.

"பத்மா சித்திக்கு இண்டைக்கும் உங்களிலை கோவம்," என்று சிரித்தான். "அத்தினை சனம் கேக்கேக்கை தெரியாதெண்டு சொல்லிப்போட்டா எண்டு."

"உனக்கு?"

"நான் ஊரிலை இருந்து வெளிக்கிட்ட நாள் துவக்கம் ஏஜென்சி, வான் ஓட்டினவன், கூட வந்தவங்கள், எல்லாரும் எனக்கு எல்லாம் தெரியும் எண்டுதான் சொன்னவை. தெரியாது எண்டு எனக்குச் சொன்ன முதல் ஆள் நீங்கள். அதாலைதான் அதுக்குப் பிறகு நீங்கள் சொன்னதை நம்பினனான்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவனுக்கு இரண்டு மணிக்கு வேலை. நேரத்தைப் பார்த்துவிட்டுப் படிகளில் ஓடினான்.

ரெயின் எல்லையைத் தாண்டுமுன் இரண்டு பொலிஸார் ஏறினார்கள். காரணமில்லாமல் மறிப்பதில்லை என்று ஒருகாலம் ஒத்துக்கொண்ட எல்லையில் இப்போது மீண்டும் சோதனை. முன் இருக்கையில் இருந்தவரை நீண்ட நேரம் விசாரித்தார்கள். பிறகு அதில் இளையவர் என் கனடாக் கடவுச்சீட்டை வாங்கிப் புரட்டினார். எங்கே போகிறேன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார்.

ஓய்வு பெற்றுவிட்டேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் சரியான பதில். ஆனால் முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்:

"ரொறன்ரோவில் ஐரோப்பாச் செய்தி வாசிக்கிறேன்."

அவர் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். கடவுச்சீட்டை மூடி, இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.